மூன்றாம் கொண்டை ஊசியின் இரண்டாம் பாகம்

சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். பூம்பாறை வேலப்பர் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனி நான் சொல்வதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் தோட்டத்துப் பூண்டு வேரோடு அழுகிப் போகட்டும்" என்று மூன்று முறை சொல்லியாயிற்று. இரண்டாவது முறை என் கை போய்ச் சேர்வதற்குள் காற்று சூடத்தை அணைத்துவிட்டது. அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றார் பூசாரி. போகட்டும், இரண்டு சத்தியம் மிச்சம் இருக்கிறது. ஒரு சிறுகதைக்கு அது தாராளம்.

என் பெயர் இருளப்பன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு 1972-லிருந்து நான்தான் முதல் ஆள். தலைவர் வேறு, முதல் ஆள் வேறு. தலைவர் சுந்தராம்பாள் டீச்சர். சத்தம் போடாமல் உட்காரச் சொல்வது அவர் வேலை. முதலில் பேசுவது முதல் ஆளின் வேலை. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போன பஸ் மூன்று மணிக்குத் திரும்பும். இறங்கியவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் பாப்பம்மாளின் பூண்டுக் கொட்டகைக்கு வருவார்கள். முப்பது பேர். ஆளுக்கு ஒரு சாக்கு விரித்து உட்கார்ந்தால், தலைக்கு மேலே பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். அந்த வாரம் என்ன வாசித்தோம், எது பிடித்தது, எதைப் பாதியில் மூடிவைத்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சொல்லி முடித்ததும், அந்தப் புத்தகத்தைத் தானும் வாசித்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் ஒரு பூண்டுப் பல்லை உரித்துச் சொன்னவர் முன்னால் வைப்பார்கள். வைத்துவிட்டு வாசிக்காமல் இருந்தால் அடுத்த வாரம் வாசலோடு சரி. அன்றைக்கு யார் முன்னால் அதிகப் பல் சேர்கிறதோ, அவர்தான் அடுத்த வாரத்துக்கு முதல் ஆள். மலையேறி வருகிற புதுப் புத்தகம் எதுவானாலும் முதலில் அவர் கைக்குப் போகும். நான்கு வருடம் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நான்கு வருடமும் என் வீட்டு ரசத்துக்கு என் தோட்டத்துப் பூண்டு தேவைப்படவில்லை.

இன்னொரு விஷயமும் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் புத்தகம் வைத்திருப்பது பால்மாடு வைத்திருப்பதைவிடக் கஷ்டம். ஆனியில் இருநூறு பக்கமாக வந்த நாவல், ஈரம் குடித்துக் குடித்து ஆவணியில் நானூறு பக்கம் ஆகிவிடும். கதை கூடாது, பக்கம் மட்டும் கூடும். டீச்சரின் அகராதி ஒன்று ஊதிப் பெருத்து, அலமாரிக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் மழைக்காலம் வந்தால் புத்தகங்களை மூட்டை கட்டி, சுப்புராஜின் லாரியில் உருளைக்கிழங்கோடு ஏற்றி, கீழே வத்தலக்குண்டுக்கு அனுப்பிவிடுவோம். அங்கே அவனுடைய அக்கா மொட்டைமாடியில் மிளகாய் வற்றலோடு சேர்த்துக் காயப்போடுவாள். இரண்டு வாரத்தில் மொறுமொறுவென்று திரும்பி வரும். கதை வாசித்து அழுதவர்கள் எங்கள் ஊரில் அதிகம். அதில் எழுதியவர் பங்கு எவ்வளவு, மிளகாயின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்படி நிம்மதியாக இருந்த காலத்தில், 1976 தை மாதம், கணபதி வந்து சேர்ந்தான்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த ஒப்பந்தப்படி கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு எங்கெங்கோ கொஞ்ச நாள், கடைசியில் எங்கள் ஊரில் கூலி வேலை. மெலிந்த ஆள். யாரோ ஒரு பருத்த துரைக்குத் தைத்த பழைய கோட்டுக்குள் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். டீச்சர்தான் உள்ளே கூப்பிட்டார். அது அவர் செய்த தப்பு.

"நீங்க வாசிப்பீங்களா?"

"வாசிப்பேங்க டீச்சர். ஆனா கையில ஒரு புஸ்தகமும் கெடையாது. கப்பல்ல சாமானைக் கொறைக்கச் சொன்னாங்க. பொண்டாட்டி அம்மியை விட மாட்டேன்னுட்டா. நான் பொட்டியை விட்டுட்டேன்."

"பொட்டியில என்ன இருந்துச்சு?"

"நூத்திப் பதினாலு புஸ்தகம். பரவாயில்லங்க. அம்புட்டையும் மனசுல ஏத்திக்கிட்டுத்தான் வந்தேன். சுங்கத்துல அதை மட்டும் தொறந்து பாக்கல."

கொட்டகை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் சாக்கை அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அவன் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னான். ஒரு தபால்காரன், பத்து வருடமாகக் கொடுக்காமல் வைத்திருந்த ஒரே ஒரு கடிதம். சொல்லி முடித்தபோது பத்தொன்பது பல் விழுந்தது. எனக்கு அன்றைக்குப் பதினெட்டு. ஒரு பல்லில் போனது பதவி.

அடுத்த வாரம் இன்னொரு புத்தகம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அவன் சொன்ன புத்தகம் எதையும் இங்கே யாரும் பார்த்ததில்லை. எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு கிடக்கிறது. சொன்னது சரியா தப்பா என்று எவனாலும் சோதிக்க முடியாது. சரி, ஏமாற்றுக்காரன் என்று ஒதுக்கிவிடலாம் என்றால் அவன் சொல்கிற அழகு அதற்கு விடவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காட்டுமாடு சோலையிலிருந்து இறங்கி வந்து, கொட்டகை ஜன்னலில் தலையை நுழைத்துக்கொண்டு அவன் கதையை முடிவு வரை கேட்டது. மறுவாரம் கன்றையும் கூட்டி வந்தது. அதுகூட எனக்குப் பெரிதில்லை. அவன் முடித்து நான் ஆரம்பித்ததும், தாயும் கன்றும் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு மனிதனுக்கு எவ்வளவுதான் தாங்கும்?

புரட்டாசிக்குள் இருபத்தெட்டு முறை தோற்றேன். என் வீட்டில் ரசத்துக்குச் சொந்தப் பூண்டை உரிக்க ஆரம்பித்தார்கள். என் மனைவி லெட்சுமி உரிக்கும்போது என்னைப் பார்த்து உரித்தாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு எழுந்து நின்றேன். "ஒரு புத்தகம் வாசிச்சு முடிச்சேன். 'மூன்றாம் கொண்டை ஊசி'. இப்படி ஒரு புத்தகம் இதுக்கு முன்னாடி வந்ததில்ல" என்றேன். உண்மைதான். அப்போதும் வந்திருக்கவில்லை.

"யாரு எழுதுனது?" என்று டீச்சர் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த சாக்கில் ஒட்டன்சத்திரம் என்று அச்சடித்திருந்தது.

"ஒட்டன்சத்திரம் உலகநாதன்."

"கேள்விப்பட்டதே இல்லையே?"

"கேள்விப்பட்டவங்க ரொம்பக் கம்மிங்க டீச்சர்."

கதையைச் சொன்னேன். புதிதாகக் கல்யாணமான இருவர் பஸ்ஸில் மலையேறுகிறார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இஞ்சின் சூடாகி பஸ் நிற்கிறது. பனி. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிய பெண் திரும்பவில்லை. தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. பஸ் போய்விட்டது. மாப்பிள்ளை மட்டும் போகவில்லை. அந்த வளைவிலேயே ஒரு டீக்கடை போட்டு, வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு இருபது வருடம் இருக்கிறான். ஒருநாள் ஒரு பஸ் நிற்கிறது. தலை நரைத்த ஒரு பெண் இறங்குகிறாள். அதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இருபத்தேழு பல் விழுந்தது. காட்டுமாடு ஜன்னலை விட்டு அசையவில்லை.

"மாமா, மொதல்ல எனக்குக் குடுங்க புத்தகத்த" என்று சுப்புராஜ் எழுந்து வந்தான்.

"வத்தலக்குண்டுல காயுது."

"நான் கொண்டு போகலையே?"

"நீ தூங்கிட்டு இருந்தடா. நான்தான் மூட்டையில சொருகி விட்டேன்."

"நான் தூங்கிட்டா லாரிய ஓட்டுனது யாரு?"

"அதத்தான் உங்கக்காவும் கேட்டுச்சாம்."

சிரிப்பில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. எட்டு மாதம் கழித்து மறுபடி முதல் ஆள். இருபத்தேழு பல்லையும் துண்டில் முடிந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பின்வரிசையில் அந்தக் கோட்டு எழுந்தது.

"அண்ணன் சொன்னது மொதப் பாகங்க" என்றான் கணபதி. "இதுக்கு ரெண்டாம் பாகம் ஒண்ணு இருக்கு. நான் ஹட்டன்ல வாசிச்சிருக்கேன். அண்ணனுக்குக் கெடைக்கலபோல."

கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. இந்த இடத்தில் வாசகர் என் நிலைமையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அவன் பொய் சொல்கிறான் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சியும் நான். சாட்சி சொன்னால் முதலில் மாட்டுவது சாட்சிதான்.

"கெடைக்கலதான். சொல்லு, கேப்போம்" என்றேன்.

அவன் சொன்னான். அந்தப் பெண் எங்கும் ஓடிப்போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வந்தாள், பனியில் வளைவின் மேல் பக்கத்துக்குப் போய்விட்டாள். பஸ் நின்றது கீழ்ப் பக்கம். தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். எப்படியும் தேடி வருவான் என்று அங்கேயே ஒரு டீக்கடை போட்டாள். ஒரே வளைவு, மேலே ஒரு கடை, கீழே ஒரு கடை. நடுவில் இருபது வருடம் விலகாத பனி. லாரிக்காரர்கள் அவனிடம் வந்து, "மேலக் கடை டீ உன் டீயவிட நல்லாருக்கு" என்பார்கள். முகம் தெரியாத அந்த மேலக் கடைக்காரி மேல் அவனுக்கு வயிறு எரியும். அவளுக்கும் கீழக் கடைக்காரன் மேல் அப்படியே. கடைசியில் ஒருநாள், அந்தக் கடையை ஒரேயடியாக மூடவைத்துவிடுவது என்று, கீழே போகிற பஸ்ஸில் ஏறி, ஐம்பதடி தூரம் வந்து அவள் இறங்குகிறாள்.

வளைவு என்னுடையது. பனி என்னுடையது. கடையும் நான் போட்டதுதான். எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை, பெட்டியைத் தொலைத்துவிட்டு வந்தவனுக்குத் தோன்றியிருக்கிறது.

இருபத்தொன்பது பல் விழுந்தது. முப்பதாவது பல் உரித்தபடி என் கையில் இருந்தது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். வாயில் போட்டு மென்று விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம்.

கலைந்து போகும்போது கோயில் தெருத் திருப்பத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏலே கணபதி, அந்தப் புத்தகத்த எங்க வாசிச்ச?"

"தோட்டத்து லய வீட்டுலதாங்க அண்ணே, மண்ணெண்ணெ வெளக்குல. நீங்க?"

"நான் பஸ்ஸுல."

"பஸ்ஸுல வாசிச்சா அப்பிடித்தாங்க. பாதியில எறங்கிருவோம்."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "வாங்களேண்ணே, ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்றான். எனக்குச் சோலி இருக்கிறது என்று வந்துவிட்டேன். ஒரு சோலியும் இல்லை.

அதன்பிறகு இரண்டு மாதம் எங்களுக்குள் சண்டை, ஆனால் எல்லாம் உலகநாதன் பேரில். நான், "அது இலங்கைப் பதிப்பு, அச்சுப்பிழை. மதுரைப் பதிப்புல அவ திரும்ப வரவே மாட்டா" என்பேன். "ஆமாங்க, மதுரைப் பதிப்புல மழை பேஞ்சு கடைசி நாப்பது பக்கம் ஒட்டிக்கிச்சாம்" என்பான் அவன். "ஆசிரியரை நேருல பாத்திருக்கியா?" என்பேன். "இல்லங்க. அண்ணன் பாத்திருந்தா எப்பிடி இருப்பாருன்னு சொல்லுங்க, தெரிஞ்சுக்குவோம்" என்பான். கொட்டகை இரண்டாகப் பிரிந்து, முதல் பாகம் கட்சி, இரண்டாம் பாகம் கட்சி என்று ஆனது. பாப்பம்மாள் என் கட்சி. அவளுக்குக் கணபதி மேல் கோபம் இல்லை. இரண்டாம் பாகம் கேட்கிறவர்கள் அழுது அழுது அவள் சாக்கை நனைத்தார்கள்.

மார்கழி முதல் ஞாயிறு டீச்சர் பொறுமை இழந்தார்.

"போதும். தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறுக்குள்ள யாரு அந்தப் புத்தகத்தக் கொண்டாந்து இங்க வைக்கிறீங்களோ, அவங்கதான் முதல் ஆள். இனிமே வாரா வாரம் பல் எண்ணுற வேலை இல்ல. நிரந்தரம். கொண்டு வராதவங்க கடைசியாத்தான் பேசணும். அதுவும் நிரந்தரம்."

கடைசி ஆள் பேசும்போது கொட்டகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இல்லாத புத்தகத்தைக் கொண்டுவர வழி ஒன்றுதான், எழுதிவிடுவது. எழுத உட்கார்ந்தேன். வெள்ளனே எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தினமும் எழுதினேன். மாப்பிள்ளைக்குப் பேர் வைக்க ஒன்பது நாள் ஆனது. பஸ்ஸை மலையேற்றப் பதினோரு நாள். பஸ் இரண்டாவது வளைவைத் தாண்டவே இல்லை. நாற்பது நாள் முடிவில் கையில் மூன்று பக்கம். அந்த மூன்றிலும் ஒன்றில் நான் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருந்தேன்.

இருந்ததை எடுத்துக்கொண்டு பழனிக்குப் பஸ் ஏறினேன். அடிவாரத்தில் காவடிப் பாட்டுப் புத்தகம் அடிக்கிற ஒரு சின்ன அச்சகம், உரிமையாளர் நல்லுசாமி. எழுத்தைப் பெரிதாக்கி, மூன்று பக்கத்தை முப்பதாக இழுத்து அடித்துத் தருவாரா என்று கேட்கலாம் என்று யோசனை.

தலைப்பைச் சொன்னதும் நல்லுசாமி மையான கையைத் துடைத்துக்கொண்டே ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏங்க, அந்தப் புத்தகந்தானே இங்க ஓடிக்கிட்டு இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். அச்சகம் முழுக்கக் கயிறு கட்டி, அடித்த தாள்களை வேட்டி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் தாளில் கொட்டை எழுத்தில் 'மூன்றாம் கொண்டை ஊசி, இரண்டு பாகங்களும் சேர்ந்தது'. அதற்குக் கீழே, ஒட்டன்சத்திரம் உலகநாதன்.

கயிற்றோரமாக நின்றபடி ஒவ்வொரு தாளாக வாசித்தேன். தொண்ணூற்றாறு பக்கம். முருகன் சத்தியமாக நன்றாக இருந்தது. நான் தாண்ட முடியாத இரண்டாவது வளைவை அவன் ஒரே வரியில் தாண்டியிருந்தான்: 'இரண்டாவது வளைவில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை.' இவ்வளவுதான். இதற்கு நான் பதினோரு நாள் பஸ்ஸைத் தள்ளியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஆறவில்லை. தொண்ணூற்றாறு பக்கத்தில் எங்கேயும் கணபதி என்ற பேர் இல்லை. எல்லாப் புகழையும் உலகநாதனுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். உலகநாதன் யார்? நான் சாக்கிலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளை. எனக்கு மூன்று பக்கம் கொடுத்தவன் அந்தக் கூலிக்காரனுக்குத் தொண்ணூற்றாறு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். மனிதர்கள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துப் பரங்கிக்காய் மேல்கூட. நானே உண்டாக்கிய ஒரு ஆள் மேல் வயிறு எரிந்தது அன்றைக்குத்தான்.

"நீங்க யாருன்னு சொல்லலையே?" என்றார் நல்லுசாமி.

"நான்தான் உலகநாதன்."

அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்து, "விசாலாட்சி, வெரசா வா! யாரு வந்திருக்காகன்னு பாரு" என்று கத்தினார். அவர் மனைவி ஒரு தம்ளர் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏங்க, உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா? ஐம்பதடி தூரத்துல அவங்கள இருபது வருஷம் உக்கார வச்சிருக்கீகளே, ஒருநாளாச்சும் பனியக் கொஞ்சம் வெலக்கி விட்டா கொறைஞ்சா போயிருவீக?" என்று கேட்டார். வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு அழகாகத் திட்டியதில்லை. அதுவும் கணபதிக்குச் சேர வேண்டிய திட்டு. வாங்கிக்கொண்டேன்.

"கடைசிப் பக்கம் எனக்கு இன்னும் திருப்தியா இல்ல" என்றேன். "அத நான் எடுத்துட்டுப் போறேன். வேற எழுதி அனுப்புறேன். அதுவரைக்கும் அந்தப் பக்கத்த வெறுமனே விட்டுட்டு மத்தத அடிச்சுக் குடுங்க."

"ஆசிரியர் சொன்னாப் பெறகு நாங்க என்னத்தச் சொல்ல" என்று அவரே அந்தத் தாளைக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தார்.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். முடிவில்லாத புத்தகத்தைப் புத்தகம் என்று டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவ்வளவு போதும் எனக்கு.

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு கொட்டகையில் இடமில்லை. காட்டுமாட்டுக் குடும்பம் ஜன்னலில் முன்னாலேயே இடம் பிடித்திருந்தது. கணபதி கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தான். பச்சை அட்டை. டீச்சர் வாங்கி, முகர்ந்து பார்த்து, "மிளகா வாசனை இல்லாத புத்தகம் பாத்து எத்தன வருஷமாச்சு" என்றார். "நீங்களே வாசிங்க கணபதி."

வாசித்தான். இரண்டரை மணி நேரம். யாரும் இருமவில்லை. மாசிப் பனி இறங்க வந்தது, கொட்டகைக் கூரைக்கு மேலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நரைத்த தலையோடு அவள் இறங்கினாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரிந்தது, அவள் யார் என்று அவனுக்கும் தெரிந்தது. மேலக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தம்ளரில் டீ ஊற்றி அவனிடம் நீட்டினாள். தொண்ணூற்றைந்தாம் பக்கம் முடிந்தது. கணபதி தாளைத் திருப்பினான்.

வெள்ளையாக இருந்தது.

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. "அம்புட்டுத்தானா?" என்றாள் பாப்பம்மாள். "டீயக் குடிச்சானா இல்லையாடா?" என்று சுப்புராஜ் சத்தம் போட்டான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவார். நான் என் சாக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கணபதி எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "அச்சகத்துல சொன்னாங்கண்ணே. உலகநாதன் ஐயாவே நேருல வந்து வாங்கிட்டுப் போனாராம். எடது காதுல கடுக்கன் போட்டிருந்தாராம்."

என் இடது காது சுட்டது.

பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "கடைசிப் பக்கத்த அண்ணன்தான் பத்திரமா வச்சிருக்காருங்க. அவரு வாசிச்சாத்தான் நல்லா இருக்கும்" என்றான்.

காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? பையிலிருந்து தாளை எடுத்தேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. வாசிக்க ஆரம்பித்தேன். அவன் தம்ளரை வாங்கினான், ஊதினான், ஒரு மிடறு குடித்தான். அதற்கடுத்த வரி கணபதி எழுதியபடி இதுதான்: 'இருபது வருஷமா ஊரே சொல்லுச்சு, நான் நம்பல. உன் டீ என் டீயவிட நல்லாத்தான் இருக்கு.'

தாள் என் கையில். எதிரே கணபதி. முப்பது பேர். ஜன்னலில் மாடு. வாயைத் திறந்தேன். அந்த வரி பாதி வழியில் நின்றது, மேலே ஏறவில்லை. இருபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமையும், மென்று விழுங்கிய அந்தப் பல்லும், இரண்டாவது வளைவும் சேர்ந்து வழியை மறித்துக்கொண்டு நின்றன.

"டீ சுமார்தான்" என்று வாசித்தேன்.

பாப்பம்மாள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அதாண்டா புருஷன்!" என்று சுப்புராஜ் எழுந்து குதித்ததில் தலையில் முட்டிப் பூண்டுக் கட்டு ஒன்று அறுந்து விழுந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு மிளகாய் இல்லை. ஒவ்வொருவராக வந்து பல்லை வைத்தார்கள். எல்லாம் என் முன்னால். இருபத்தொன்பது.

கணபதி கீழே விழுந்த கட்டிலிருந்து ஒரு பல்லை எடுத்து, நிதானமாகத் தோலை உரித்து, என் முன்னால் வைத்தான். முப்பது.

"நாப்பது நாளா அந்த எடத்துல சரியான வார்த்த வரலண்ணே" என்றான். "நான் எழுதுனதவிட இதுதான் நல்லாருக்கு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னான், பார்த்தீர்களா? நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரே மூச்சில். கடைசிப் பக்கம் கொண்டுவந்தவர்தான் புத்தகம் கொண்டுவந்தவர் என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், அன்று முதல் நிரந்தர முதல் ஆள் நான்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் முதலில் பேசினேன், அவன் கடைசியில் பேசினான். அவன் பேசும்போது செருப்பைத் தேடியவர் யாரும் இல்லை. 1988-ல் அவன் செத்துப் போனான். அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் சொல்லலாம் என்றுதான் போவேன். போய், அவன் சொல்கிற புத்தகத்தைக் கேட்பேன். வயிறு எரியும். திரும்பி வந்துவிடுவேன்.

பூம்பாறை வாசகர் வட்டத்தின் உறுப்பினர் நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. தொடங்கிய நாளிலிருந்து கலைந்த நாள்வரை அதில் எழுதப்பட்ட பெயர்கள் மொத்தம் இரண்டு: என்னுடையது, கணபதியுடையது. மற்ற இருபத்தொன்பது பேரும் காற்று அணைத்த அந்தச் சத்தியத்தில் சேர்ந்தவர்கள்.